கும்பிடு என்று நினைத்தோம்

திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது இங்கத்த ஏச்சுதான். ஏச்சிலும் மரியாதை. ஓவர்லாக் மிஷினில் தையலைக் கோணவிட்டால், பனியன் கம்பெனி முதலாளி பக்கத்தில் வந்து, "ஏனுங்க, ராத்திரி தூங்கலீங்களா?" என்பார். "நல்லாத் தூங்குனேன் மொதலாளி" என்று சிரிப்பேன். கோவில்பட்டிப் பக்கத்து ஆளுக்கு, ஏசினால் காது கூச வேண்டும்.

வீரபாண்டியில் வாடகை வீட்டில் இருக்கும்போதுதான் மகள் செல்வி பிறந்தாள். ஆறாம் மாதம், தூங்கி விழித்ததும் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து கும்பிடுவாள். விட்டு விட்டு ஏழெட்டுத் தடவை. எதிர்ச்சுவரில் முருகன் படம். வேறென்ன நினைப்போம்? மனைவி பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, ஊரில் இருக்கும் அக்காவிடம், "பிள்ளை சாமி கும்பிடுதுக்கா" என்றேன். "ஏலே, உன் கிறுக்கு அதுக்கும் ஒட்டிட்டுதா!" என்று சிரித்தாள்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "கண்ணு இப்பல்லாம் சிரிக்கறதே இல்லீங்களே. ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வந்தா நல்லதுங்க" என்றார். "ஆகட்டுங்க" என்றேன். உபசாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊராக இருந்தால், "கோட்டிக்காரப் பயலே, பிள்ளையத் தூக்கிட்டு ஓடுல" என்று தெருவே கூடியிருக்கும், ஓடியிருப்பேன். அந்த அம்மாவும் அதையேதான் சொன்னார். எனக்குத்தான் பாஷை விளங்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் நின்ற பிறகுதான் போனோம். அதற்குள் இரண்டு மாதம்.

கோயம்புத்தூர் டாக்டர் பிள்ளையின் தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார். "இது கும்பிடு இல்லீங்க, வலிப்பு. அபூர்வமான வகை. எத்தன நாளா இருக்குதுங்க?" சொன்னேன். "அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க." இந்தத் தடவை மெதுவான பேச்சு முழுசாக விளங்கிற்று. சாமி அந்த அம்மா வாயால் சொல்லியனுப்பியும் நான் கேட்கவில்லையே என்று பாக்கியத்திடம் அழுதேன். "நானுந்தான கன்னத்துல போட்டுக்கிட்டேன்" என்றாள்.

ஊசி மருந்தில் அப்படிக் குனிவது நின்றது. போன நாள் போனதுதான். செல்விக்கு இப்போது ஆறு வயது. பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவாள். அதுவும் ஒவ்வொன்றாக. போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள், நான் பிறந்த வீட்டின் நடுவில் நின்று, என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, ஊட்டுக்குப் போலாங்க" என்றாள். இத்தனை வார்த்தையை அவள் சேர்த்துச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா முகம் மட்டும் சுருங்கிவிட்டது. "இதும் உன் வீடுதான் தாயி" என்றாள்.

செல்வி மறுபடியும் சட்டையை இழுத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் போனேன். இறங்கவும் முடியவில்லை, உள்ளே திரும்பவும் முடியவில்லை.