சன்னாசியின் இடது பக்கம்

பந்தாட்டத்தில் சென்டர் ஹாஃப் என்பவன் பந்தை உதைக்கிற நேரத்தைவிட, எதிரணியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம்தான் அதிகம். எவன் களைத்துவிட்டான், எவன் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டான், தடுப்பில் எந்தப் பக்கம் ஓட்டை என்று கண்டுபிடித்து, ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் பந்தை அங்கே அனுப்பிவிட வேண்டும். சரியாகப் போனால் கோல் போட்டவனுக்கு மாலை விழும். தப்பாகப் போனால் நம் தாயார் பெயர் அடிபடும். அந்த இடத்தில் நின்று அவதிப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு படிக்கும்போது என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் ஈப்போவிலிருந்து பன்னிரண்டு கல் தொலைவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தேன். ஆபீசில் பேரேடு எழுதியதைவிடப் பந்து ஆடியதற்காகத்தான் துரை என்னை வைத்திருந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும்.

கால்விரல்

முகத்தைப் பார்த்து ஆட்டக்காரனை எடைபோடக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும் என்று நானாகவே ஒரு பாடம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அப்போது முக்கால்வாசிப் பேர் வெறுங்காலில்தான் ஆடுவார்கள். பெருவிரல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடுவான். இது பெரும்பாலும் பலித்தது. எனக்குத் தலைக்கனமும் பிடித்தது.

ஈயம் தோண்டும் லம்பத்திலிருந்து ஒரு சீனர் குழு வந்திருந்தது. அவர்களில் ஒல்லியாக ஒருவன் பந்தோடு என்னை நோக்கி ஓடி வந்தான். நான் அவனுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வலப்பக்கம் திரும்பியது, நானும் வலப்பக்கம் பாய்ந்தேன், அவனும் அங்கேதான் வந்தான். ஆனால் பந்தை அவன் எப்போதோ பக்கத்தில் வந்தவனிடம் தள்ளிவிட்டிருந்தான். நான் வெறுங்காலன் ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே கிடந்தபோது கோல் விழுந்தது. எங்கள் கோல்கீப்பர் மாட் என்பவர், துரை வீட்டுக் கார் ஓட்டும் மலாய்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் நின்று சொன்னார்: "கிராணி, காலு எல்லாம் நல்லா பாத்தாச்சு. போலா யாரு பாக்கறது லா?" போலா என்றால் மலாயில் பந்து.

புதுச் சட்டம்

ஆஃப்சைட் சட்டம் மாறிய வருஷம் அது. அதுவரை, முன்னால் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டுமென்றால் அவனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவில், கோல்கீப்பரோடு சேர்த்து, மூன்று பேர் இருக்க வேண்டும். இனிமேல் இரண்டு பேர் போதும் என்று இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. குழுவில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரையும் ஸ்டோர் வாசலில் உட்காரவைத்து விளக்கம் சொன்னேன். அந்த இரண்டு பேர் கோல்கீப்பர் நீங்கலாக என்று நானாக எடுத்துக்கொண்டேன். கூட்டிப் பாருங்கள், பழைய மூன்றேதான் வரும். "ஒண்ணும் மாறல. வெள்ளைக்காரன் சும்மா வார்த்தைய மாத்தியிருக்கான்," என்று முடித்துவிட்டேன்.

அடுத்த ஆட்டத்தில், பின்னால் நின்று தடுக்கிற எங்கள் பேக் இருவரும் நானும் மூன்று முறை கையைத் தூக்கிக்கொண்டு "ஆஃப்சைட்!" என்று கத்தினோம். மூன்று முறையும் நடுவர் தலையை ஆட்டிவிட்டு நடுக்கோட்டைக் காட்டினார். குழுவுக்குப் பொறுப்பாக இருந்த கங்காணி முத்தையா வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஊரே கேட்கச் சொன்னார்: "படிச்சவன் கையத் தூக்குனான், படிக்காதவன் கோல் போட்டான்."

கோழி திரும்புகிற மாதிரி

இதுவரை சொன்னது சிரிக்கிற வெட்கம். இனிச் சொல்வது வேறு.

மறு மாதம் பக்கத்துத் தோட்டத்தோடு கிண்ணத்துக்கான ஆட்டம். அவர்களுடைய வலது பேக், சன்னாசி என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். அவரைத் தாண்டிப் போனவன் கிடையாது என்று பேர். முதல் கால் மணி நேரம் நான் எதுவும் செய்யாமல் அவரையே பார்த்தேன். அவருக்கு வலப்பக்கம் வந்த பந்துகளைச் சுத்தமாக எடுத்தார். இடப்பக்கம், மைதானத்தின் நடுவிலிருந்து வந்த பந்துக்கு மட்டும், கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி முழுத் தலையையும் திருப்பினார். சந்தேகம் வந்தது. அவருடைய இடது காதை உரசுகிற மாதிரி ஒரு பந்தை வேண்டுமென்றே அனுப்பினேன். அவர் அசையவே இல்லை. பந்து காற்றாகக் கடந்துபோன பிறகுதான் திடுக்கிட்டார்.

அவருக்கு இடது கண் தெரியாது. வெளியே பார்த்தால் நல்ல கண் மாதிரியே இருக்கும். அதற்கப்புறம் நான் வேறெங்கும் பந்தை அனுப்பவில்லை. அவருடைய இடப்பக்கமாக எங்கள் ஆளை ஓடவிட்டு, பந்தை அங்கேயே, அங்கேயே கொடுத்தேன். நாலு கோல். நாலாவது கோலின்போது தன் பக்கத்தில் ஒருவன் ஓடுவதே தெரியாமல் அவர் எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களே கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கி இறக்கிய பிறகு, சன்னாசி பக்கத்தில் வந்து நின்றார். பட்டைச் சிராய் தெறித்து இரண்டு வருஷத்துக்கு முன்பே கண் போய்விட்டதாம். தோட்டத்தில் யாருக்கும் தெரியாதாம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்: "கண்டுபிடிச்சிட்டீங்க ஐயா. பரவால்ல, ஆட்டத்துல அது நியாயம்தான். ஆட்டத்தோட இருக்கட்டும்."

பங்களா நாற்காலி

மறுநாள் சாயங்காலம் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். வராந்தாவில் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் இருந்தார். தோற்ற எரிச்சல் அவருக்கு. எங்கள் துரை ஒரு நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்த வராந்தாவில் நான் நின்றிருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை.

எப்படி ஜெயித்தாய் என்று கேட்டார்கள். நான் சிகரெட் டின்னைக் கோல் கம்பமாக வைத்து, தீக்குச்சிகளை ஆட்களாக அடுக்கினேன். சன்னாசி சொன்னது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. இரண்டு துரைமாரும் குனிந்து என் தீக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குச்சியைத் தொட்டு, "இவனுக்கு இந்தப் பக்கம் கண் கிடையாது," என்றேன். எங்கள் துரை கைதட்டினார். மற்றவர் தட்டவில்லை. பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தோட்டத்தில் கற்ற தமிழில் மெதுவாகக் கேட்டார்: "நம்ம தோட்டத்திலே ஒரு கண்ணுக்காரன் மரம் வெட்டுறானா?"

இருமல்

ஒரு வாரத்தில் செய்தி வந்தது. ஒற்றைக் கண்ணன் கத்தியை ஆழமாக விட்டு மரத்தைக் கெடுத்துவிடுவான் என்று சொல்லி, சன்னாசியைப் பால்வெட்டிலிருந்து எடுத்து, கூலி குறைந்த புல்வெட்டில் போட்டுவிட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கிழவர்களோடும் பிள்ளைத்தாய்ச்சிகளோடும் அவர் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தன் வெறுங்காலையும் என் காலில் இருந்த சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் தவறாகப் பார்த்துவிட்டேன், மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று அந்தத் துரைக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். அவரும் சரியென்று, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் அனுப்பினார். நான் கூடவே போனேன். டிரெசர் எத்தனை விரல் காட்டுகிறாரோ அத்தனை தடவை நான் பின்னாலிருந்து இருமுவது என்று ஏற்பாடு. சன்னாசிக்கு அதில் விருப்பமே இல்லை. நான்தான் வற்புறுத்தினேன். டிரெசர் அவருடைய வலது கண்ணைத் துணியால் மூடிவிட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்று தடவை இருமினேன். "மூணு," என்றார் சன்னாசி. அடுத்து இரண்டு விரல். இரண்டு தடவை இருமினேன். அப்போது பார்த்து, மருந்து நெடியோ பயமோ தெரியவில்லை, நிஜமான இருமல் பிடித்துக்கொண்டது. நிறுத்த முடியவில்லை. சன்னாசி பாவம், எண்ணிக்கொண்டே இருந்தார். "ஒம்போதுங்களா?" என்றார்.

டிரெசர் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தார். "அந்தக் கண்ணுக்கு மருந்து இல்ல கிராணி. இருமலுக்கு இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

மறு ஆட்டம்

சன்னாசி புல்வெட்டிலேயே இருந்தார். ஆனால் பந்தாட்டத்தை விடவில்லை. அடுத்த வருஷம் அதே குழுவோடு மோதினோம். மைதானத்தில் இறங்கியதும் பார்த்தேன், அவர் இடது பேக்காக மாறியிருந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை அல்லவா? குருட்டுக் கண் மைதானத்தின் ஓரக்கோட்டைப் பார்த்தது, நல்ல கண்ணுக்கு மைதானம் முழுவதும் தெரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே யோசித்த யோசனை. என்னைவிட நல்ல யோசனை.

அப்படியும் ஒரு வழி இருந்தது. கோட்டை ஒட்டி, கையகல இடத்தில், எங்கள் வலது விங் ஆட்டக்காரன் கை காட்டிக்கொண்டு ஓடினான். சன்னாசிக்கு அவன் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பந்து என் காலடியில் இருந்தது. கால் நீளவில்லை. கடைசியில் மூன்று பேர் நிற்கிற மறுபக்கம் அனுப்பினேன். பறிபோனது, அதுவே கோலாகித் தோற்றோம். எங்கள் ஆட்கள் கத்தியதெல்லாம் காதில் விழவில்லை. ஏதோ பரிகாரம் செய்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த நிம்மதி சன்னாசி என்னிடம் நடந்துவருகிற வரைதான். விங் ஆள் கத்திக்கொண்டு ஓடியதை அவர் காதால் கேட்டிருக்கிறார். பந்து ஏன் அங்கே வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையை நீட்டினேன், அவர் பிடிக்கவில்லை. "வேலதான் போச்சு ஐயா," என்றார். "பாவம் பாத்து இந்த ஆட்டத்தையும் புடுங்கிறாதீங்க."

எதிரே நின்ற பதினோரு பேரையும் படிக்கத் தெரிந்த எனக்கு, வாயை மூட வேண்டிய இடத்தில் வாய் திறந்தது, காலை நீட்ட வேண்டிய இடத்தில் கால் மடங்கியது, இதைத்தான் ஊரில் நல்ல சென்டர் ஹாஃப் என்று சொன்னார்கள்.