ஆகாசத்தில் மேடு இல்லை

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் நான். ஆனால் பாதை தெரியும். பலாப்பழக் கூடையோடு நான் இந்த மலையை இறங்கினால், மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டு ஆம்பிளைகளே பின்தங்கிப் போவார்கள். எங்களுக்கு எந்த ஊருக்கும் தூரம் இரண்டு. இறங்கும் தூரம் ஒன்று, ஏறும் தூரம் ஒன்று. யார் எந்த ஊரைச் சொன்னாலும் இறக்கமா, ஏற்றமா என்றுதான் முதலில் கேட்போம்.

சண்டைக் காலம் அது. சாமை பொய்த்துப் போனதால் என் வீட்டுக்காரர் மூட்டை தூக்க மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போயிருந்தார். சோளக்காட்டுச் சந்தைக்கு அடிவாரத்திலிருந்து உப்பு கொண்டுவரும் வியாபாரி ஒருநாள் சொன்னார்: ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான், அடுத்து மெட்ராஸில்தான் குண்டு போடுவான் என்று.

"ஏனுங்ண்ணா, ரங்கூன் எவ்வளவு தூரமுங்க?"

"கடலுக்கு அந்தாண்ட அம்மிணி. கப்பல்ல நாள் கணக்காகும். ஏரோப்ளேன்ல காத்தால கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு மெட்ராசு."

"வர்றது எறக்கமுங்களா, ஏத்தமுங்களா?"

சந்தையே சிரித்தது. மிளகு அளந்துகொண்டிருந்தவள், "ஏத்தம்னா எறங்கித் தள்ளிக்கிட்டு வருவானாக்கும்!" என்றாள்.

"ஆகாசத்துல ஏது அம்மிணி மேடு?" என்றார் வியாபாரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சலாகட்டும், வரி கேட்கும் அதிகாரியாகட்டும், எங்களை வந்து சேர்வதற்குள் ஏற்றம் பாதி மூச்சை வாங்கிவிடும். அதை நம்பித்தான் அதுவரை தூங்கியிருந்தேன். மேடே இல்லாத பாதை ஒன்று என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே இருக்கிறதே!

அப்புறம் தினமும் களி கிண்டும்போது, இப்போது அங்கே கிளம்பியிருப்பான் என்று நினைப்பேன். உச்சி சாயும்வரை சோறு இறங்காது. தேனீ இரைந்தாலும் அண்ணாந்து பார்ப்பேன்.

"ஏன் கண்ணு, மேல என்ன காய்ச்சுத் தொங்குது?" என்பார் மாமியார்.

ஒருநாள் நிஜமாகவே ஒன்று இரைந்துகொண்டு போனது. கேழ்வரகுக்குள் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அது வடகிழக்கே மறைந்துகொண்டிருந்தது. மெட்ராஸ் அந்தப் பக்கம்தான் என்பார்கள். களியைத் துணியில் முடிந்துகொண்டு அப்படியே இறங்கிவிட்டேன்.

பாதி வழியில், பாறைத் திருப்பத்தில், கால் வீங்கி ஒருவர் ஏறி வந்தார். அவர்தான்.

"எங்க புள்ள கெளம்பிட்ட?"

"உங்களைக் கூட்டியாரத்தானுங்க."

"மெட்ராசுக்கா? வழி தெரியுமா?"

"எறங்குனா தெரிஞ்சுட்டுப் போவுது."

பட்டணமே காலியாகிறது என்றார். ரயிலில் தொங்கிக்கொண்டும், பிறகு நடந்தும் வந்தாராம். பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "அவ்வளவு தூரம் வந்தது பெரிசில்ல. இந்தப் பாழாப்போன ஏத்தந்தான் உசுரை வாங்குது."

"அதைத் திட்டாதீங்க" என்றேன்.

அவர் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். மரம் இல்லாமல் வானம் திறந்து கிடந்த இடத்தில் மட்டும், வீங்கின காலென்றும் பாராமல், அவர் கையைப் பிடித்து ஓட்டமாய் இழுத்துப் போனேன்.