போடிமெட்டு இறக்கமும் முப்பத்து மூன்று காற்றும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்பாறைக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து என் பேத்தி செல்வியைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் ஊர் சிலமலைக்கு அழைத்துவரப் போனேன். ஒன்பதாம் மாதம். ஜீப்பில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் வாடகைக் கார். தோட்டத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கிய நாளில் எண் மட்டும் பழகிக்கொண்டேன். டயரைப் படிக்க அது போதும்.

காலை 6.10. கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்தேன். ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் கணக்கு. இந்தக் காருக்கு 33 பவுண்டு (psi). டயரின் பக்கவாட்டில் போட்டிருப்பது அது தாங்கும் உச்சம், அதைப் பார்த்து நிரப்பாதீர்கள். நான்கும் சரி. மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியில் மட்டும் 12தான் இருந்தது. என் கால் பம்பையும் டிக்கியில் வைத்தேன்.

டிரைவர் பாண்டி சிரித்தான். “விருந்துக்குப் போறப்ப அம்மியத் தூக்கிட்டுப் போவீகளா அப்பு?”

“நீ ஓட்டுற சோலியப் பாரு மாப்ளே. போடியில ஸ்டெப்னிக்குக் காத்து அடிச்சிட்டுத்தான் மலையேறணும்.”

அடித்தோம், பத்து ரூபாய். அந்த நேரத்தில் டயரைப் படித்தேன். 165/80 R14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு எண்பது, R என்பது ரேடியலாம், ரிம் 14 அங்குலம். கடைசியில் சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்: 1823. இருபத்து மூன்றாம் வருடத்தின் பதினெட்டாவது வாரம் செய்தது. ரோட்டில் படும் கட்டைகளைப் பட்டன் என்போம்; அது தேயாவிட்டாலும் வயதான டயர் வெடிக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சிறு மேடு இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

போடியிலிருந்து போடிமெட்டு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து பூப்பாறை 12. அப்புறம் மூன்று கிலோமீட்டர் தோட்டத்துக் கல்பாதை. அதில் ஏறும் முன் பாண்டி நான்கு சக்கரத்திலும் காற்றை 20க்கு இறக்கினான். இங்கே எல்லா ஜீப்புக்காரரும் செய்வதுதான். கல்லில் வண்டி துள்ளாது, சேற்றில் பிடிக்கும். தோட்டத்தில் ஏற்றிக்கொண்ட செல்வியும் திரும்பும்போது குலுங்காமல் வந்தாள்.

தார் ரோட்டைத் தொட்டபோது மணி 11.20. பாண்டி நிறுத்தவில்லை.

“காத்து?” என்றேன்.

“ஞாயித்துக்கிழம இங்க கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு அப்பு. போடி போயி அடிச்சுக்கலாம். வெரசாப் போயிருவோம்.”

“நிறுத்து.”

நாற்பது வருடத்துக்கு முன் போடிமெட்டு இறக்கத்தில், காற்று இறக்கிய ஜீப் ஒன்பதாவது வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று சாய்ந்தது. பச்சை ஜீப். பதினான்கு பேர். பின்னால் தொங்கி வந்த என் தம்பிக்கு இடது கால் போயிற்று.

“பிள்ளத்தாச்சி வெயில்ல உக்காந்திருக்கு அப்பு!”

“நான் மரத்தடியில உக்காந்துக்கிறேண்ணே,” என்றாள் செல்வி. “காத்து ஏத்தாம தாத்தா மலையெறங்க மாட்டாரு. நீங்க பம்ப எடுங்க.”

சக்கரத்துக்குத் தொண்ணூறு மிதி. நாற்பது வரை நான், மிச்சம் அவன். மூன்று சக்கரம் முடிந்தது. இடது பின்சக்கரத்துக்குக் குழாயை மாட்டும்போது, வழக்கம்போல உள்பக்கச் சுவரைக் கையால் தடவினேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். காற்றுக் குறைந்த டயரைக் கல் ரிம்மோடு நசுக்கியதில் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

பாண்டியின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அவன் போகவேண்டிய ரோட்டைப் பார்த்தான், செல்வியைப் பார்த்தான். ஜாக்கியை எடுத்தான்.

ஸ்டெப்னி மாட்டி 12.15க்குக் கிளம்பினோம். இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். ஒன்பதாவது வளைவில் நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மலைக்கு வருகிறவர்களே, காற்றை இறக்கினால் தார் ரோடு வந்ததும் ஏற்றுங்கள். பம்பும் காற்று அளக்கும் மீட்டரும் கையோடு கொண்டுவாருங்கள். பக்கச் சுவரில் வீங்கிய டயருக்கு ஒட்டு இல்லை, மாற்றத்தான் வேண்டும். உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கையில் கரி ஒட்டினால் கழுவிக்கொள்ளலாம்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் மாதம் மேலே கொண்டுபோய் விட வேண்டும். நேற்று பாண்டி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஒங்க அம்மிய வீட்டுலயே வச்சிருங்க அப்பு. நான் ஒண்ணு வாங்கிட்டேன்.”