வாய் வைக்காத தண்ணீர்

டெக்சாஸ் தமிழர்களிடம் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பெருமை தாங்காது. எங்கள் ஆபீஸில் அந்தப் பெருமைக்கே தலைவர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூன்று வருடம் முன்னால் விமானம் ஏறியவர் என்பதால் அமெரிக்காவைப் பற்றி எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. தொண்ணூற்றெட்டில் ஒரு நீண்ட வார இறுதியில், மேற்கே பாலைவனத்தில் இருக்கும் ஒரு மலைப்பிளவைக் காட்டுகிறேன் என்று டல்லாஸிலிருந்து எங்களை வேனில் அழைத்துப்போனார். எங்களை என்றால் என்னையும், ஊரிலிருந்து வந்து ஆறே வாரம் ஆகியிருந்த என் மனைவியையும். அவருடைய மனைவிக்குப் புத்தி இருந்தது, வரவில்லை. புளியோதரை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

நடை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. ஆளுக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணீர் எடுத்துப் போகவும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தலைவர் அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

"இதெல்லாம் வெள்ளக்காரங்களுக்கு எழுதி வச்சது. நாம கத்திரி வெயில்ல கிரிக்கெட் ஆடுனவங்க. மூணு பாட்டில் தாராளம். கீழ போனா ரிவர் வேற இருக்கு" என்றார்.

மூன்று பேருக்கு மூன்று சின்ன பாட்டில். புளியோதரையோ பத்துப் பேருக்கு இருந்தது. தப்பு என்று எனக்குத் தெரிந்தது. புது மனைவியின் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆக மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

மலை ஏறுகிறவன் களைத்தால் இறங்கிவிடலாம். பிளவில் இறங்குகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. சுகமான இறக்கம் முதலில், ஏற்றம் முழுவதும் பிறகு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தன. அடியில் ஆறு இருந்த தடம்தான் இருந்தது, நடுவில் வெறும் மணல். அதில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். அந்த உப்பும் காரமும் இறங்கியதும் தொண்டை பற்றிக்கொண்டது.

தலைவர் பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து ஊற்றினார். பிளவுக்குள் காற்று கிளம்பியிருந்தது. பாதித் தண்ணீர் மீசைக்கும் சட்டைக்கும் போயிற்று.

"வாய் வச்சே குடிங்களேன்" என்றேன்.

"எச்சில் பண்ணிட்டா அப்புறம் தங்கச்சி எப்படிக் குடிக்கும்?"

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு அரை பாட்டிலை மணலுக்கு வார்த்தது. கடல் தாண்டி வந்து, கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தும் எச்சில் பார்க்கிற ஜென்மம் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

ஏற்றத்தில் பாதி வருவதற்குள் மூன்று பாட்டிலும் காலி. என் மனைவி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"கண்ண இருட்டிட்டு வருதுங்க. என்னால முடியல."

இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்காக இன்றும் கூசுகிறேன். தலைவர் கேமரா உறையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அமெரிக்காவைப் பற்றிய பதில்கள் அவரிடம் தீர்ந்துபோயிருந்தன.

அப்போது மேலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தடியூன்றி இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். தன் பாட்டிலில் வாய் வைத்து ஒரு மடக்கு குடித்தவர், இவளைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் அதை அப்படியே என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். வாங்கிய கை தானாகச் சட்டை நுனியை இழுத்து, பாட்டிலின் வாயைத் துடைத்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார். அதோடு விட்டேனா?

"அண்ணாந்துக்கோ, ஊத்தறேன்" என்றேன்.

தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்து மணலில் விழுந்தது. அவள் என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்தாள். அந்த அம்மாள் வந்த வழியே திரும்பி எங்களோடு மேலே வரை நடந்தார்.

திரும்பும் வழியில், பெட்ரோல் போட நின்ற கேஸ் ஸ்டேஷனில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன். வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு அவள் என்னிடம் நீட்டினாள்.

"தொடச்சுட்டுக் குடிங்க" என்றாள்.