ஏழு ஐம்பதுக்கு மூடிய இடாப்பு

காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்டது சப்பாத்து. வெள்ளைச் சப்பாத்து, நூல் கட்டும் இடம் வரை நனைந்து, விளிம்பில் களப்புச் சேறு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற மாணவியின் முகத்தைப் பார்த்தேன். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வரச் சொன்னேன். வாசலிலிருந்து மூன்றாம் வரிசைக் கதிரை வரை சீமெந்துத் தரையில் ஈரத் தடம் விழுந்தது. மேசையில் வரவு இடாப்பு மூடிக் கிடந்தது. அவள் பெயருக்கு நேரே, இரண்டு நிமிடத்துக்கு முன், நீல மையில் ஒரு பூச்சியம் போட்டிருந்தேன்.

கற்பிட்டி வீதியில் உள்ள ஒரு பாடசாலையில் அப்போது நான் உயர்தரக் கலை வகுப்புக்குப் பொறுப்பாசிரியர். பாடம் நாடகமும் அரங்கியலும். அதற்கு முன் பதினொரு வருடம் கொழும்பில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். சொந்த ஊர் உடப்பு. வார நாட்களில் எத்தாளையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பாலாவிச் சந்தியில் பஸ் மாறி வீட்டுக்குப் போவேன்.

அந்தப் பாடசாலையில் இடாப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பிள்ளைகளை நேரத்தோடு விடுவதற்கு முன்னர், அந்த வாரப் புள்ளிகளைப் பார்த்துப் பேனையால் எழுதுவார்கள். பிந்தி வந்த பிள்ளை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை, வெங்காயம் பிடுங்கப் போன பிள்ளை என்று ஐந்து நாள் விவரமும் அதற்குள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வகுப்பு ஆசிரியை, என் கையிலிருந்த பேனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பென்சில்ல போடுங்க சேர். இது களப்புக்கரை ஊரு. காத்தப் பாத்துத்தான் புள்ளையள் வரும்.”

அதை நான் ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டேன். பத்திரிகையில் பக்கம் மூடிய பிறகு வரும் செய்தி செய்தியில்லை. மந்திரியே செத்தாலும் அது நாளைக்குத்தான். ஏழு ஐம்பதுக்கு இடாப்பை எடுப்பேன், பெயர் கூப்பிடுவேன், பேனையால் எழுதி மூடுவேன். மாத முடிவில் கூட்டி, அதிபரிடம் கையொப்பம் வாங்கி, வலயக் கல்விக் காரியாலயத்துக்குச் சுருக்கம் அனுப்புவேன். பாடசாலை முழுவதிலும் திகதி தவறாமல் போனது என் வகுப்புச் சுருக்கம் மட்டுந்தான். ஆசிரியர் அறையில் எனக்குப் ‘பேப்பர் சேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த மாணவியின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. வாப்பா களப்பில் மீன் பிடிப்பவர். மூன்று வயதில் ஒரு தங்கை. பக்கத்து வீட்டார் விடியவே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வாப்பா இருட்டோடு போய் வலையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்வரை தங்கையை வைத்திருக்க வேறு ஆள் இல்லை. சீருடை போட்டு, புத்தகப் பையை மாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் களப்புக்கரையில் நிற்பாள். படகு வந்ததும் தண்ணீருக்குள் இறங்கி, பிள்ளையை வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பாடசாலைக்கு நடப்பாள். காற்று இல்லாத மாதங்களில் ஏழு மணிக்கே வந்துவிடுவாள். சோளகக் காற்று எழும்பினால் படகு எதிர்காற்றில் வரவேண்டும். அந்த மாதங்களில் அவள் வரும் நேரம் ஏழு ஐம்பத்திரண்டு, எட்டு, எட்டேகால். எட்டரைக்குப் பிந்தியதை நான் பார்த்ததில்லை.

அன்று காலை தொடங்கியது துன்பியல் நாடகம். பாடத்திட்டத்தில் பழைய கிரேக்க நாடகம் ஒன்று இருந்தது. ஓர் அரசன். அவன் தன் தகப்பனைக் கொல்வான் என்று தெய்வவாக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதிலிருந்து தப்ப அவன் ஊரை விட்டு ஓடுகிறான். ஓடிய வழியில், ஒரு சந்தியில், தான் செய்வது என்னவென்று தெரியாமலே அதைச் செய்துவிடுகிறான். கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருத்தி, வகுப்பில் எப்போதும் வாய் ஓயாதவள், கையை உயர்த்தினாள்.

“பாலாவிச் சந்தியில மாதிரி ஒரு பொலிஸ்காரர் நிண்டிருந்தா ராஜா தப்பியிருப்பாரு சேர்.”

வகுப்பு சிரித்தது. பொலிஸ்காரர் அரசனிடம் லைசென்ஸ் கேட்டிருப்பார் என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையில் ‘விதி’ என்று எழுதி, இதற்கு வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கத்ர் என்றார்கள். நஸீபு என்றார்கள். எங்கள் உடப்பில் தலையெழுத்து என்போம் என்று நான் சொன்னேன்.

பத்திரிகையில் நடந்த ஒன்றையும் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீதி விபத்தை எழுதி, ‘விதி அவரை அந்த வழியால் அழைத்துச் சென்றது’ என்று முடித்திருந்தேன். செய்தி ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டிவிட்டு, லொறியை ஓட்டியவன் யார் என்று கேட்டார். அதைக் கண்டுபிடித்து எழுது, விதி தன்பாட்டில் இருக்கட்டும் என்றார். இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த தெளிவு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாம் வரிசையில் ஈரச் சப்பாத்தோடு இருந்தவள், மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது எழுந்தாள்.

“முன்னுக்கே தெரிஞ்சு வந்து சொன்னவங்க சேர், எப்பிடித் தப்புற எண்டு ஏன் சொல்லல்ல?”

நல்ல கேள்வி என்றேன். கிரேக்கர்களின் நம்பிக்கையில் தெய்வவாக்கு வழி காட்டுவதில்லை, நடக்கப்போவதை அறிவிக்க மட்டுமே செய்யும் என்று குறிப்புப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் அதைக் கொப்பியில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். என் மேசையில், அந்த இடாப்பில், அவள் பெயருக்கு நேரே அந்த மாதத்தில் மட்டும் பதினொரு பூச்சியம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. பெயர் கூப்பிடும் நேரத்தில் இல்லாவிட்டாலும், வந்து உட்கார்ந்தபின் ஆசிரியர் சரி செய்துகொள்வார் என்று நினைத்திருந்தாள். வேறு எந்த ஆசிரியரிடமும் அப்படித்தான் நடந்திருக்கும்.

பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் வாரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற நூற்றுக்கு எண்பது வரவு வேண்டும். அவளுக்கு எழுபத்தாறு. இரண்டு சோளகக் காலங்கள் சேர்ந்து அவ்வளவு குறைத்திருந்தன. வேறு வகுப்பாக இருந்தால் இது பேச்சுக்கே வந்திருக்காது. அதிபர் இடாப்பை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் கீழே இருந்த தன் கையொப்பத்தைக் காட்டினார். சுருக்கங்கள் எல்லாம் வலயத்தில் இருந்தன.

அந்த நாட்களில் அவள் வகுப்பில் இருந்தாள் என்று கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியென்றால் இரண்டு வருடமாக நான் எழுதிய இடாப்பு பொய் என்று நானே எழுதிக் கொடுப்பதாகும் என்று அவர் கோபமில்லாமல் விளக்கினார். ஓம், அப்படியே எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். அவரும் பரிந்துரைத்து அனுப்பினார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் திகதி அதற்குப் பத்து நாள் முன்னரே முடிந்திருந்தது. அதையும் அன்றுதான் பார்த்தோம்.

அடுத்த நாள் வாப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் சாரமும் தொப்பியும், தோய்த்து மடித்த சேட்டுமாக வந்திருந்தார். விரல்களில் வலைக் கயிறு வெட்டிய தழும்புகள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. விஷயத்தை அதிபர் சொன்னார். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். உம்மா இன்னொரு வருடத்துக்கு அங்கே ஒப்பந்தத்தை நீட்டியதே இந்தப் பரீட்சைக்காகத்தான் என்பது அவர் பேச்சில் இடையில் வந்தது. குறையாக இல்லாமல், ஒரு தகவலாகவே சொன்னார்.

அவர் சத்தம் போடுவார், ஏசுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

“நீங்க மனசப் போட்டு வருத்தாதீங்க சேர்,” என்றார் என்னைப் பார்த்து. “அவட நஸீபுல எழுதல்ல போல. நீங்க என்ன செய்ற?”

லொறியை ஓட்டியவன் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். அதை அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான்தான் ஏழு ஐம்பதுக்கு மூடினேன், பேனையால் எழுதினேன், இவளிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையை அசைத்து என்னை நிறுத்தினார். நான் சொன்னதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார். இன்னும் மரியாதையாகப் பார்த்தார்.

மகள் இடாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிபர் அதை மூடப் போனபோது மட்டும் பேசினாள்.

“நான் வந்தேந்தானே சேர்.”

“ஓம்,” என்றேன்.

வருகிற வருடம் தனியாக எழுதலாம், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன், பாடங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். வாப்பா தலையாட்டினார். மறுக்க மனம் வராதவர்கள் ஆட்டும் தலையாட்டல் அது. அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். முதல் முறை குறிப்புக் கொப்பிகளை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் முறை, மாம்புரியில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று, உம்மா வந்ததும் நிக்காஹ் என்று வாப்பா வாசலில் வைத்தே சொன்னார். உள்ளே பிள்ளை அழும் சத்தமும், அவள் அதைச் சமாதானப்படுத்தும் சத்தமும் கேட்டன. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்தேன்.

மூன்றாம் தவணையில் நானும் பென்சிலுக்கு மாறினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை அதைக் கண்டார். நாடகத்தின் கடைசிப் பகுதியை மற்றவர்களுக்குப் படிப்பித்து முடித்தேன். எல்லாம் தெரிந்தபின் அந்த அரசன் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். பிழை அவனிலா, விதியிலா என்று விவாதிக்கச் சொல்லி வினாத்தாள்களில் வருவதுண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கொடுத்து எழுதும்படி சொன்னேன். வாய் ஓயாதவள் அன்று பகிடி விடவில்லை. மூன்றாம் வரிசைக் கதிரையை யாரோ பக்கத்து வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வலயத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, கடிதக் கோவை மேசையில் இருக்கிறது என்றார்கள்.

பரீட்சை தொடங்கிய நாள் காலை, மண்டபம் வரை பிள்ளைகளோடு போவதற்காக நேரத்தோடு புறப்பட்டேன். களப்புக்கரை வழியாக நடந்தேன். ஓர் இலையும் அசையவில்லை. அவளுடைய வாப்பாவின் படகு ஆறு இருபதுக்கே கரைக்கு வந்திருந்தது.