இரண்டு வேலைகளுக்கு நடுவே, காப்பீடு இல்லாமல் சேர்வராயன் மலையில்

1991 ஏப்ரல் கடைசியில் நாங்கள் ஏற்காட்டுக்குப் போனதற்குக் காரணம், என் கணவருக்கு அப்போது வேலை இல்லை என்பதுதான். பயந்துவிடாதீர்கள், வேலை போய்விடவில்லை. ஈரோட்டில் இருந்த கம்பெனியை விட்டாகிவிட்டது, ஓசூரில் புதிய கம்பெனியில் மே மாதம் பாதியில் சேர வேண்டும். நடுவில் மூன்று வாரம். கல்யாணமான ஆறு வருடத்தில் மனிதருக்கு இப்படிச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததே இல்லை. நான் டீச்சர். எனக்கும் முழுப் பரீட்சை முடிந்திருந்தது.

ஒரே ஒரு சங்கடம். பழைய கம்பெனியில் ஆஸ்பத்திரிச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அது வேலையை விட்ட அன்றோடு நின்றுவிட்டது. புதிய இடத்தில் சேர்ந்த பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். நடுவில் எதுவும் இல்லாமல் எப்படி ஊர் சுற்றுவது? நேராக இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் நின்றேன்.

அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். மெடிக்ளெய்ம் என்றால் ஒரு வருடத்துக்குத்தான் எடுக்க வேண்டும், அதிலும் முதல் முப்பது நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது, விபத்துக்கு மட்டும் உண்டு என்றார். எங்கள் இடைவெளியே மூன்று வாரம்தான். குறுகிய காலத்துக்கு என்றால் விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம், தொகையும் குறைவு என்றார். எடுத்தேன். அதாவது, என் கணவர் மலையிலிருந்து தாராளமாக உருண்டு விழலாம், ஆனால் காய்ச்சல் மட்டும் வரக் கூடாது.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். காய்ச்சிய தண்ணீர் ஃபிளாஸ்கில். வழியில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்க இருந்தால் மட்டும் ஓட்டலில் சாப்பிடலாம். கணவர் கும்பிடு போட்டுவிட்டு, சரி என்றார்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அடிவாரத்தில் அனல். கொண்டை ஊசி வளைவுகள் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பத்தைத் தாண்டியதும் ஜன்னல் வழியே வந்த காற்றில் ஈரம் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திக்கொண்டது. கீழே சேலம் முழுவதும் ஒரு கைக்குள் அடங்கிவிடும்போல் கிடந்தது. நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை என்று கணவர் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்.

முதல் நாள் ஏரி, கிளியூர் அருவி. அருவியில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் இறங்குகிற வழிக்காகவே போகலாம். மறுநாள் காலை மாரமங்கலம் பஸ்ஸைப் பிடித்தோம். லாட்ஜ்காரர்தான் சொன்னார், அங்கிருந்து காட்டு வழியில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஒரு சின்ன ஊர் வரும், அதைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்று பார்த்தவர்கள் சும்மா திரும்பியதில்லை என்று. ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கூட்டம் போகும், அந்தச் சின்ன ஊர் தாங்காது.

அந்த வருடம் கோடை மழை தாமதமாக வந்ததால் காப்பித் தோட்டங்கள் அப்போதுதான் பூத்திருந்தன. ஒரு கொத்து, இரண்டு கொத்து இல்லை. மலைச்சரிவு முழுக்க வெள்ளை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருக்க, கீழே மல்லிகை மாதிரி ஒரு வாசம். இத்தனை பூ பூக்க யார் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. பார்க்க நாங்கள் இரண்டே பேர்.

ஊரில் பதினேழு வீடு. நுழைந்ததும் முதல் வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். பெயர் ரோசம்மா. அவர் கணவர் ஆரோக்கியம் பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரி. “நொம்ப தூரம் நடந்திருக்கீங்க. ஊட்டுக்குள்ள வந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்றார். நான் ஃபிளாஸ்கைக் காட்டி, வேண்டாங்க என்றேன். அடுத்த வீட்டில் மோர். அதற்கடுத்த வீட்டில் பலாச்சுளை. எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு ஒரே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கணவர் பலாச்சுளையை ஏக்கத்தோடு பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பின்னால் ரோசம்மா யாரிடமோ, “ஒருத்தர் ஊட்டுலயும் வாங்கலியே” என்று கவலையாகச் சொன்னது காதில் விழுந்தது. கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாறைக்குப் போனோம். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்திருப்பேன், வேறு எதுவும் நடக்காமல் இருந்திருந்தால். காலடியில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மேகம். மேகத்துக்குக் கீழே எங்கோ ஊர்கள். ஒரு கழுகு நமக்குக் கீழே பறக்கிறது, அதன் முதுகு தெரிகிறது. பறவையின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை.

“சரசா” என்று கணவர் கூப்பிட்டார். திரும்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மாலையிலிருந்தே வலி இருந்ததாம். சொன்னால் நான் கிளம்ப மாட்டேன் என்று வாயைத் திறக்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். வலது அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை. நிமிரவும் முடியவில்லை. என் அண்ணனுக்கு இதே மாதிரிதான் குடல்வால் அழற்சி வந்தது, உடைந்து, பிழைத்ததே பெரிய காரியம். அவரை அங்கேயே படுக்க வைத்துவிட்டு ஊருக்கு ஓடினேன்.

ரோசம்மா வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்று சொன்னேன். ஆரோக்கியம் வேலைக்குப் போகவில்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து எல்லாரும் ஊரில் இருந்தார்கள். நாலைந்து ஆண்கள் கூடிப் பேசினார்கள். யார் வீட்டில் கை நனைத்தார்கள் என்று ஒருவர் கேட்டார். யார் வீட்டிலும் இல்லை என்று ரோசம்மா சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. காப்பியை வேண்டாம் என்றதற்காக வர மாட்டார்களோ என்று நினைத்து, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் அவர்களிடம் கெஞ்சினேன்.

ஆரோக்கியம் என்னை நிறுத்தினார். “ஏனுங்க, ஒரு ஊட்டுல கை நனைச்சிருந்தா அந்த ஊட்டுக்காரங்களும் பங்காளிகளும் தூக்கிட்டுப் போவாங்க. நீங்க எந்த ஊட்டுலயும் நனைக்கலீங்க. அப்ப ஊடு தவறாம ஆளு வரோணுமுங்க. அதுதான் கூப்புட்டுட்டு இருக்கறோம்.”

வீடு தவறாமல் வந்தார்கள். பதினேழு வீட்டுக்குப் பதினேழு பேர். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று அந்த வீட்டுப் பெண்ணே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, ஒரு வீட்டில் காப்பி குடித்திருந்தால் அந்த வீட்டோடும் பங்காளிகளோடும் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு ஊரையே கிளப்பிவிட்டிருந்தேன்.

ஒரு கம்பளியை மூங்கிலில் கட்டி அதில் அவரைப் படுக்க வைத்தார்கள். நாங்கள் காலையில் இளைத்து இளைத்து ஏறிய வழியில் அவர்கள் கிட்டத்தட்ட ஓட்டமாக இறங்கினார்கள். தோள் மாற்றும்போது மூங்கில் கீழே இறங்கவில்லை. நின்றதும் இல்லை. பின்னால் வருகிறவர் தோளைக் கொடுக்க, முன்னவர் விலகிக்கொள்வார், அவ்வளவுதான். சரிவு செங்குத்தாக வரும் இடத்தில் முன்னால் போனவர்கள் மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, பின்னால் பிடித்தவர்கள் உட்கார்ந்தபடியே இறங்கினார்கள், அவர் உடம்பு சாயாமல் இருக்க. பூத்த காப்பிச் செடிகள் இரண்டு பக்கமும் உரசி, கம்பளியெல்லாம் பூ. நான் அழுதுகொண்டே ஓடினேன். பயத்தில் பாதி. மீதியை என்னவென்று சொல்வது? அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மாரமங்கலத்தில் பஸ் இல்லை. ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் ஜீப் சரக்கு இறக்க வந்திருந்தது. மூட்டைகளை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆரோக்கியமும் இன்னொருவரும் கூடவே ஏறினார்கள். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். சாயந்திரம் சேலத்தில் ஆபரேஷன். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் உடைந்திருக்கும் என்றார் டாக்டர்.

இனி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. காப்பிப் பூ பார்க்க வேண்டுமானால் கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் போங்கள். பூ சில நாள்தான் நிற்கும். உள் ஊர்களுக்கு இப்போது ரோடு வந்துவிட்டது, ஆனாலும் திரும்பி வர வண்டி உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வேலை மாறும் இடைவெளியில் பயணம் போகிறவர்கள், கம்பெனிக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று வேலையின் கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள், விட்ட பிறகு அல்ல. புதிதாக எடுத்தால் அந்த முதல் முப்பது நாள் சமாசாரம் இன்றும் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கென்றே சில நாள் பாலிசிகள் கிடைக்கின்றன. அதில் விபத்து மட்டும்தானா, திடீர் நோயும் சேர்த்தியா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் விபத்துப் பாலிசிக்கும் குடல்வாலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சேமிப்பிலிருந்துதான் கட்டினோம். அப்புறம், யாராவது காப்பி கொடுத்தால் குடியுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமும் அவர் கூட வந்தவரும் ஆபரேஷன் முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார்கள். கூலி போகுமே, போங்கள் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை டாக்டர் கஞ்சி கொடுக்கலாம் என்றார். நான் ஸ்பூனால் ஊட்டினேன். ஆரோக்கியம் கதவோரம் நின்று, டம்ளர் காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உங்க கையில சாப்புட்டுட்டாருங்க. இனி அவரு உங்க ஊட்டு ஆளு, எங்க பொறுப்பு தீந்துதுங்க” என்றார். சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று நான் தடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். “பதினேழு ஊட்டுலயும் கேட்டுட்டு இருப்பாங்க, கஞ்சி குடிச்சாரான்னு. போய்ச் சொல்லோணுமுங்க.”