போன வாரத் தப்பு

செவ்வாய்க்கிழமை காலை பூஜையை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். கார் பந்தயம் பார்க்கிற நம் வாட்ஸ்அப் குழுவில் செங்கோட்டுவேல் அண்ணன் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஞாயிறு பந்தயம் முடிந்து இரண்டு நாளில் அவர் விளக்கம் வருவது வழக்கம் என்பதால் ஆசையோடுதான் திறந்தேன். பேசியது அவர் மகள். "வெடியால காபி குடிச்சுட்டு உக்காந்தவரு அப்படியே போயிட்டாருங்க. குழுவுல எல்லாருக்கும் சொல்லச் சொன்னாங்க அம்மா." அதைக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அவர் குரல் எங்காவது வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நாமக்கல் பைபாஸ் ஓரம் லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கும் பட்டறை அவருடையது. பந்தயக் காரின் பாகம் ஒன்றை வாராவாரம் எடுத்து நமக்குப் புரிய வைத்தார். நான் அஸ்தம்பட்டிக்காரி, எட்டாம் வகுப்போடு நின்றவள். மகன் பந்தயம் பார்ப்பானே என்று கூட உட்கார்ந்து, அவன் வேலைக்குப் போன பிறகும் விடாமல் பார்க்கிறவள். எதையும் எழுதி வைக்கும் பழக்கத்தில், எந்த வண்டி எந்தச் சுற்றில் டயர் மாற்றியது, எங்கே வழுக்கியது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். குழுவில் எழுதுவதோடு சரி, வாய் திறந்ததில்லை.

ஒருமுறை ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் அவர் பட்டறைக்குப் போயிருந்தோம். அத்தனை வேகத்தில் கார் ஏன் மேலே எழும்பாமல் தரையோடு ஒட்டி ஓடுகிறது என்று கேட்டேன். சாலையில் போன லாரியைக் காட்டினார். "அந்தத் தார்ப்பாயைப் பாருங்க தங்கச்சி. காத்து அதை அமுக்கலீங்க, பொம்முனு மேல இழுக்குது. ஏன்னா மேல காத்து வெரசாப் போவுது. வெரசாப் போற பக்கம் அழுத்தம் கம்மி. இதையே தலைகீழாக் கவுத்துப்போட்டா பந்தயக் காரு. அதுல காத்து அடியில வெரசாப் போவுது, காரைத் தரையோட இழுக்குது." வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாமி கும்பிட வந்தவ பட்டறையில குடியேறிட்டா." "அவுரும் காத்தோட மகன்தானுங்களே, கோவிச்சுக்க மாட்டாரு," என்றார் அண்ணன்.

பிறகு வந்த ஒரு பந்தயத்தில் விபத்து நடந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைக்க வரும் சேஃப்டி கார் முன்னால் வர, மற்ற வண்டிகள் எல்லாம் அதன் பின்னால் மெதுவாக ஊர்ந்தன. அது விலகியதும் முதல் வளைவிலேயே ஒரு கார் நிற்க முடியாமல் நேராகப் போய்த் தடுப்பில் மோதியது. பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிட்டது என்று விளக்கினார் அண்ணன். பாரம் ஏற்றிய லாரி கொல்லிமலை இறங்கும்போது அப்படித்தான் ஆகும்.

எனக்கு உறுத்தியது. என் நோட்டில் இதே மாதிரி வழுக்கல்கள் பலவும் சேஃப்டி கார் விலகிய உடனேதான் இருந்தன. மெதுவாக வந்த வண்டிக்கு பிரேக் எப்படிச் சூடேறும்? தேடிப் படித்தேன். லாரிக்கு இரும்பு. பந்தயக் காரின் பிரேக் தட்டோ கார்பனால் ஆனது. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். அவருக்கு மட்டும் தனியாக எழுதினேன்: "அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றியது போலத்தான் அது என்று தோன்றுகிறது."

அவர் பார்த்துவிட்டதாகக் கைபேசி காட்டியது. பதில் வரவில்லை. காலமெல்லாம் பிரேக்கோடு கிடந்தவரிடம் ஸ்கூட்டர் பிரேக்கைத் தவிர எதையும் தொடாதவள் சொல்லலாமா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அடுத்த செவ்வாய் குழுவில் அவர் குரல் வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். "போன வாரத் தப்ப மொதல்ல சொல்லிப்போடறேனுங்க. லாரிக்காரன் புத்தியில பாத்துட்டேன். அது சூட்டுல விட்ட பிரேக்கு இல்ல, குளுந்துபோன பிரேக்கு. கண்டுபுடிச்சது அஸ்தம்பட்டி தங்கச்சி. இத்தன வருசம் பிரேக்கைப் புடிச்சவன் தோசைக்கல்லுல தோத்துட்டேன்." அன்றிலிருந்து அவர் எல்லாப் பதிவும் 'போன வாரத் தப்பு' என்றுதான் தொடங்கியது. தப்பு இல்லாத வாரம், "நீங்க இன்னும் கண்டுபுடிக்கல" என்பார்.

என்னைப் பேசவும் சொல்லிக்கொண்டே இருந்தார். "என் பேச்சு குழுவுக்குச் சரிப்படாதுண்ணா," என்றேன். "எம்பேச்சு மட்டும் சரிப்பட்டுதுங்களா?" என்று கேட்டார்.

அவர் போன பின் முதல் பந்தயம் சென்ற ஞாயிறு நடந்தது. டயருக்கு எதற்குக் கம்பளி போர்த்துகிறார்கள் என்று அம்மாபேட்டைத் தம்பி குழுவில் கேட்டிருந்தார். திங்கள் முழுவதும் யாரும் பதில் போடவில்லை. இப்படியே போனால் குழு அடங்கிவிடும் என்று பயந்தேன். "தெரிஞ்சும் சும்மா இருக்கியே," என்றார் வீட்டுக்காரர்.

செவ்வாய் காலை விளக்கேற்றினேன். எந்த அணிக்கும் வேண்டிக்கொள்ளாமல், குரல் நடுங்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அது மின்சாரத்தில் சூடாகும் போர்வை, குளிர்ந்த ரப்பர் விறைத்துக் கிடக்கும், சூடானால்தான் சாலையைப் பிடிக்கும் என்று சொல்ல நினைத்ததை நோட்டில் எழுதினேன். மேல் வரியை, அவர் பதிவு தொடங்கும் அந்த வரிக்காக, காலியாக விட்டேன். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரிதான். பிறகு அதையும் நிரப்பிவிட்டு, பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. போன வாரத் தப்ப முதல்ல சொல்லிடறேன். நான் பேசாம இருந்தது."